சிவப்பு மையில் ஒரு ‘பா’

உன்மேல் எனக்குள்ள புகார்களை நாள் வரிசையில் கீழே தருகிறேன்.

1. சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு, மாசி 9. தேநீர் குடிக்கக் கீழே இறங்கிப் போனவன், திரும்பி ஏறும்போது நமது பணிமனை மாடிப்படியின் ஏழாவது படியில் உட்கார்ந்தாய். எழவில்லை. முன்னறிவிப்பு எதுவும் தரப்படவில்லை.

2. அதே ஆண்டு, மாசி 26. உன் மனைவி ஒரு மஞ்சள் துணிப்பையில் உன் நோட்டைக் கொடுத்தனுப்பினார். நாற்பத்திரண்டு பதிவுகள். ஒவ்வொன்றின் முடிவிலும் சிவப்பு மையில் ‘பா’ என்று ஓர் எழுத்து. அதற்கு என்ன பொருள் என்று நீ எங்கும் எழுதி வைக்கவில்லை.

3. அடுத்து வந்த சித்திரை முதல் இவ்வாண்டு வைகாசி முடிய. அந்த ஓர் எழுத்தை நம்பி நாற்பத்தொரு வசதிகளை நான் செய்து முடித்தேன். நீ தடுக்கவில்லை.

4. இவ்வாண்டு, ஆடி 11. கடையத்தில் மின்சாரம் இல்லாத வேளையில் தன் பம்பைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த சுடலைமுத்து அண்ணாச்சியின் வலக்கை விரல்கள் இரண்டு நுனியோடு போயின. மோட்டாரை ஓட்டியது நமது பெட்டி.

5. ஆவணி 3. அந்த ‘பா’வின் பொருள் ஊரில் எல்லாருக்கும் தெரியும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். எனக்குச் சொல்ல உனக்குப் பதினான்கு ஆண்டுகள் இருந்தன.

6. நாற்பத்திரண்டாவது பதிவு. இதற்குரிய தேதியை நீயே போட்டிருக்கிறாய். கடைசியில் வருகிறேன்.

நோட்டு என் எதிரே திறந்து கிடக்கிறது. பச்சை ரெக்சின் அட்டை. ஓரங்களில் உள்ளட்டை தெரிகிறது. சாரல் காலத்தில் நீ அதைக் குற்றாலத்து மசாஜ் எண்ணெய்ப் புட்டியோடு ஒரே பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு திரிந்ததால், பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் அந்த வாடை எழுகிறது. இதை எழுத உட்கார்ந்த பிறகு மூன்று முறை எழுந்துவிட்டேன். ஒரு முறை சன்னலைத் திறக்க. ஒரு முறை அதை அடைக்க. மூன்றாம் முறை எதற்கு எழுந்தேன் என்று நினைவில்லை. வாடை போகவில்லை.

உனக்குத் தெரிந்தவைதான் என்றாலும், பதிவுக்காக எழுதி வைக்கிறேன். நாம் இருவரும் பொறியியல் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். பிறகு நான் பெங்களூரில் பிறருக்காகச் சர்க்யூட் வரைந்தேன்; நீ பம்புசெட் விற்றுக்கொண்டு திருவேங்கடத்திலிருந்து செங்கோட்டை வரை வரப்பு வரப்பாக நடந்தாய். நாற்பது வயதை ஒட்டி இருவரும் வேலையை விட்டோம். தென்காசியில் இலஞ்சி சாலையில் ஒரு மாடியைப் பிடித்து ஒரே ஒரு பொருளைச் செய்தோம். கிணறு ஓரிடத்தில் இருக்கிறது, வீடு மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் உடையவர் அவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருந்தது. நமது பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு. வீட்டிலிருந்தபடி அந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும். ஓடியதும் பெட்டி அவருக்கு ஒரு மிஸ்டு கால் திருப்பிக் கொடுக்கும். மறுபடி கூப்பிட்டால் நிற்கும். அதற்குமேல் அது ஒன்றும் செய்யாது. மின்சாரம் போய்த் திரும்பி வந்தாலும், உடையவர் கூப்பிடும்வரை அது சும்மாவே இருக்கும்.

மோட்டாரை ஓட்டும் பெட்டி என்பதால் வயல் வைத்திருக்கும் சம்சாரிகள் அதற்கு ‘ஓட்டுப்பெட்டி’ என்று பெயர் வைத்தார்கள். நாம் வைத்த ஆங்கிலப் பெயர் ஒரே மாதத்தில் செத்தது. அந்தப் பெயரால் நாம் பட்டது உனக்கு நினைவிருக்கும். தேர்தல் நேரம். கடையம் சாலையில் பறக்கும் படை நமது வண்டியை நிறுத்தியது.

“பின்னால என்ன இருக்கு?” என்றார் அதிகாரி.

“ஓட்டுப்பெட்டி சார். பன்னெண்டு இருக்கு” என்றாய் நீ, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

ஒன்றரை மணி நேரம் பந்தலில் உட்கார்த்தி வைத்தார்கள். நான் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு காவலர் எட்டிப் பார்த்துவிட்டு, “சார், இது எங்க அப்பா வயல்ல இருக்கு சார். கூப்பிட்டா மோட்டார் ஓடும்” என்றார்.

“அவ்வளவுதானா?” என்று அதிகாரி உன்னைப் பார்த்தார். சற்று ஏமாற்றம் கூட இருந்தது.

“அவ்வளவுதான் சார்.”

வண்டியில் ஏறியதும் நீ சொன்னாய்: “கேட்டியாலே? போலீஸ்காரன் ஒரு வரியில சொல்லிட்டான். நாளைக்கு அவனால ஒரு வரியில சொல்ல முடியலைன்னா நம்ம சாமான் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்.”

அப்போது சிரித்தேன். இப்போது அந்த வரியை நினைத்தால் உன் சட்டைக் காலரைப் பிடிக்கக் கை வருகிறது. ஒரு வரியில் சொல்லத் தெரிந்தவன் ஓர் எழுத்தில் ஏன் எழுதினாய்?

அருவிச் சோதனையையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வோர் ஆனியிலும் சாரல் தொடங்கிய முதல் வாரம் என்னை ஐந்தருவிக்கு இழுத்துப் போவாய். வரிசையில் நிற்கும்போதே நான் பெட்டியில் புதிதாகச் சேர்க்க நினைத்ததை விளக்க ஆரம்பிப்பேன். “இங்கன சொல்லாத. தண்ணிக்குள்ள நின்னு சொல்லு. எனக்குக் கேட்டா வச்சுக்கிடுவோம்” என்பாய். அருவி உச்சந்தலையில் விழும்போது ஒரு மூச்சுக்குமேல் பேச முடியாது. பேசினாலும் பக்கத்தில் நிற்பவனுக்கு இரண்டு சொல் போய்ச் சேர்ந்தால் அதிகம். ஓர் ஆண்டு, “மின்சாரம் திரும்பியதும் தானியங்கி மறுதொடக்கம்” என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். நீ தலையாட்டிவிட்டுச் சீயக்காய்ப் பொட்டலத்தை நீட்டினாய்.

துவட்டிக்கொள்ளும்போது கேட்டேன்: “காதுல விழுந்ததா இல்லியா?”

“சீயக்காய் கேக்கேன்னுல்லா நினைச்சேன்.”

“கரண்டு வந்ததும் மோட்டார் தானா ஓடணும்னு சொன்னேன்லே.”

“வேண்டாம்லே.”

“ஏன்?”

“வயல்ல நிக்கவனுக்கும் இம்புட்டுதான் கேக்கும். மேல வெயிலு, பக்கத்துல டிராக்டரு, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல போனு. ரெண்டு சொல்லுல ஏறாதது அங்கன ஏறாது. நம்ம பெட்டி கூப்பிட்டா ஓடும். கூப்பிடாம ஓடுத மோட்டார் பக்கத்துல நான் எந்த மனுசனையும் நிக்க வைக்க மாட்டேன்.”

பட்டப்படிப்பு முடித்து இருபது ஆண்டு சர்க்யூட் வரைந்தவனின் வடிவமைப்பைத் தண்ணீரின் இரைச்சல் தீர்மானிப்பது எனக்கு அவமானமாக இருந்தது. அதை நான் உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

மற்றபடி நம்மிடையே வேலை பிரிந்தே இருந்தது. நான் மாடியில் பற்றவைப்புக் கோலோடு. நீ வெளியில் நோட்டோடு. நீ போன ஊரிலெல்லாம் பெட்டியை வாங்கியவர்கள் ஏதாவது ஒன்று கூடுதலாகக் கேட்டார்கள். மழை வருமா என்று சொல்ல வேண்டும். சந்தை விலை சொல்ல வேண்டும். பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டும். யாருக்கும் இல்லையென்று சொல்லாமல் நோட்டை எடுத்து, தேதி, பெயர், கேட்டது என்று வரிசையாக எழுதிக்கொள்வாயாம். எழுதும்போது நான் உடன் இருந்ததில்லை. திரும்பி வந்ததும், “என்ன சொன்னாங்க?” என்று கேட்டால், “ஒண்ணுமில்லலே. உன் பெட்டி நல்லா ஓடுதாம்” என்பாய். பதினான்கு ஆண்டுகளில் நமது பெட்டியில் புதிதாகச் சேர்ந்தது ஒரு பச்சை விளக்கு மட்டும்தான். அதற்கும் இரண்டு ஆண்டுகள் சண்டை போட்டோம்.

பிறகு நீ அந்த ஏழாவது படியில் உட்கார்ந்தாய்.

நோட்டு கைக்கு வந்த அன்று முதற்பக்கத்திலிருந்து கடைசிவரை நின்றபடியே படித்தேன். நாற்பத்தொரு பேர், நாற்பத்தொரு விருப்பம், ஒவ்வொன்றின் மீதும் உன் சிவப்பு எழுத்து. ‘பா’ என்றால் ‘பார்’. பார்க்க வேண்டியவை. நீ செய்ய எண்ணி, நேரம் வராமல் ஒத்தி வைத்த பணிகள். எனக்கு வேறு எந்தப் பொருளும் தோன்றவில்லை. ஏழாவது பதிவில் சுடலைமுத்து அண்ணாச்சியின் பெயரும், ‘கரண்டு வந்தால் தானாக ஓட வேண்டும்’ என்ற வரியும், அதன்மேல் உன் ‘பா’வும் இருந்ததைக் கண்டபோது நான் மகிழ்ந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. ஐந்தருவியில் நான் கத்தியது கடைசியில் உனக்குக் கேட்டுவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

அன்றிலிருந்து நான் வேறெதையும் செய்யவில்லை. நோட்டில் உள்ள வரிசைப்படி ஒவ்வொன்றாகச் செய்து, முடிந்ததை நீல மையில் அடித்துக்கொண்டே போனேன். மிஸ்டு கால் போதவில்லை என்பதால் பெட்டிக்குக் குரல் கொடுத்தேன். ‘மழை நிலவரம் அறிய ஒன்றை அழுத்தவும்’ என்று தொடங்கி ஒன்பதுவரை போய், ஒன்பதை அழுத்தினால் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கிற்று. விளக்கக் கையேடு முன்பு அட்டைப்பெட்டியின் உள்பக்கத்தில் அச்சடித்த ஒரு வரி. இப்போது முப்பத்தாறு பக்கம்.

நம்மிடம் பதினோரு ஆண்டுகளாகத் தொலைபேசி எடுக்கும் செல்லத்தாய் ஒரு நாள் மாடியேறி வந்து நின்றாள்.

“சார், முன்னெல்லாம் ஒரு போனுக்கு அரை நிமிசம். இப்பம் நான் சொல்லி முடிக்கதுக்குள்ள அவங்க ஊர்ல கரண்டே போயிருது.”

“பழகிக்கிடுவாங்க.”

“அவங்க பழகிருவாங்க சார். என்னாலதான் முடியல. நேத்து ஒரு ஆச்சி, ‘ஏட்டி, மோட்டார நிறுத்த எத அமுக்க, அத மட்டும் சொல்லிட்டி’ன்னு அழுதுட்டா.”

“எல்லாம் ஏற்கெனவே தீர்மானமானதுதான்” என்றேன். யார் தீர்மானித்தது என்று அவள் கேட்கவில்லை. நோட்டை நான் அவளுக்குக் காட்டவில்லை. அது உனக்கும் எனக்கும் இடையிலானது என்று நினைத்திருந்தேன்.

இனி, ஆடி 11. காலை பத்து மணி. சுடலைமுத்து அண்ணாச்சிக்கு எழுபது வயது இருக்கும். மோட்டாரைத் தானாக ஓட வைக்கும் ஏழாவது வசதி வந்ததும் முதலில் அதைப் போட்டுக்கொண்டவர் அவர்தான். ஒரு முறை யாரும் இல்லாதபோது மோட்டார் ஓடி, வாய்க்கால் உடைத்துக்கொண்டது. ஆனியில் செல்லத்தாயைக் கூப்பிட்டு அதை அணைத்துவிட்டார். அணைத்ததற்கான பதிவு நம்மிடம் இருக்கிறது. ஆனால் இருபத்தாறாவது வசதி என்று ஒன்று உண்டு: மின்னழுத்தம் மிகவும் குறைந்து பெட்டி திணறினால், முன்பு நன்றாக ஓடிய காலத்து அமைப்புகளை அது தானே மீட்டுக்கொள்ளும். ஆடி 10 அன்று கடையம் பக்கம் மின்னழுத்தம் குறைந்தது. பெட்டி வைகாசி மாதத்து அமைப்புகளை மீட்டுக்கொண்டது. அவர் அணைத்த ஏழாவது வசதியும் அவற்றோடு சேர்ந்து உயிர்பெற்றது. மறுநாள் மின்சாரம் போனது. மின்சாரம் இல்லாத நேரம்தான் பழுதுபார்க்கும் நேரம் என்பது அந்தக் கிணற்றடியில் ஐம்பது ஆண்டுப் பழக்கம். பம்பின் சுழலும் தண்டைச் சுற்றித் தண்ணீர் கசிகிற இடத்தில் புதுக் கயிறு திணித்துக்கொண்டிருந்தார். மின்சாரம் வந்தது. யாரும் கூப்பிடவில்லை. மோட்டார் ஓடியது.

நாற்பத்தொன்றையும் தனித்தனியே நான் சோதித்திருக்கிறேன். ஒவ்வொன்றும் குற்றமற்றது. ஒன்றோடொன்று என்ன பேசிக்கொள்ளும் என்று சோதிக்கவில்லை. நாற்பத்தொன்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் எத்தனை சோடி என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். எண்ணூற்று இருபது. அந்தத் தாளைச் சுருட்டி எறிந்தேன். பிறகு எடுத்து நீவி, நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

ஆவணி 3 அன்று கடையம் போனேன். குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒரு தாள் தட்டச்சு செய்து எடுத்துப் போயிருந்தேன். அண்ணாச்சி முன்னறையில் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்க சார், இருங்க. என்ன, தாளும் கையுமா வந்திருக்கிய. கையெழுத்து மட்டும் கேட்டுறாதிய, அந்தக் கைதான் இது.”

அவர் மனைவி கலர் சோடா உடைத்துக் கொண்டுவந்து வைத்தார். நான் குடிக்கவில்லை.

“தப்பு எங்களோடது அண்ணாச்சி” என்றேன்.

“நானும்தான் கேட்டேன். ஏழு வருசமாக் கேட்டேன். உங்க கூட்டாளி எப்ப வந்தாலும் இதத்தான் கேப்பேன். உடனே நோட்ட எடுப்பாரு. எழுதுவாரு. ‘பாப்போம் அண்ணாச்சி’ம்பாரு.”

“செய்யணும்னுதான் எழுதி வச்சிருந்தான். அவனுக்கு நேரம் கிடைக்கல. அதனாலதான் நான் செஞ்சேன்.”

அண்ணாச்சி தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார். மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் சட்டென்று சிரித்துவிட்டு, சிரித்ததற்கு வருந்தி உள்ளே போனார்.

“சார், உங்களுக்கு எந்த ஊரு?”

“தென்காசிதான்.”

“பொறவு? பாப்போம்னா இல்லன்னுல்லா அர்த்தம். அந்த மனுசன் யாருக்கும் மூஞ்சில அடிச்சாப்ல சொல்ல மாட்டாரு. எழுதிக்கிட்டாருன்னா கேட்டவனுக்கும் ஒரு நிறைவு. அவரு செய்ய மாட்டாருன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவருக்கும் தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் ஏழு வருஷம் கேட்டீங்க?”

“கேக்கது என் வேலை சார். தராம இருக்கது அவரு வேலை.” கட்டுப்போட்ட கையைச் சற்று நகர்த்தி வைத்துக்கொண்டார். “நீங்க தந்துட்டிய.”

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் அந்தத் தாளை வாசித்துவிட்டு வந்திருப்பேன். திரும்பும் வழியில் வண்டியை நான்கு இடங்களில் நிறுத்தினேன். எந்த இடத்திலும் இறங்கவில்லை.

பணிமனைக்கு வந்து நோட்டைச் செல்லத்தாயின் மேசையில் விரித்தேன். “இது என்னம்மா?”

“பாப்போம்.”

“அப்படின்னா?”

“அப்படின்னா, நடக்காது.” என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அவுக போன்ல பாப்போம்னு சொன்னா நான் அடுத்த போன எடுத்துருவேனே சார். அந்தப் பேச்சு முடிஞ்சுதுன்னு.”

“இவ்வளவும் நான் செஞ்சப்ப நீ ஏன் சொல்லல?”

“நோட்ட இன்னிக்குத்தானே காட்டுதிய. நீங்க படிச்சவுக, உங்க யோசனையாக்கும்னு நினைச்சேன்.”

நான் இந்த ஊரில் பிறந்தவன். என் மகளைப் பார்க்க வந்தவர்கள், “பாத்துட்டுச் சொல்லுதோம்” என்று எழுந்தபோது, அவர்கள் வாசலில் செருப்பைத் தேடி முடிக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சொல் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் உன் வாயிலிருந்து அது எனக்கு வந்ததில்லை. என்னிடம் நீ ‘வேண்டாம்லே’ என்பாய். பதினான்கு ஆண்டுகளாக அந்த ஒரு சொல்லால் என்னை அடித்திருக்கிறாய். அது எனக்கு மட்டும் நீ வைத்திருந்த மரியாதை என்பது எனக்குத் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் நீ மறுப்பை எவ்வளவு பதமாகச் சொல்வாய் என்று பார்க்க எனக்கு வாய்க்கவில்லை. ஆகவே உன் மறுப்புகளின் நோட்டை உன் உயில் என்று படித்தேன். நீ பதினான்கு ஆண்டுகள் வாசலில் நின்று திருப்பி அனுப்பிய அத்தனை பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே விட்டேன்.

இப்போது ஒன்றரை மாதமாக ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். செய்ததைவிட இது கடினம். கொடுப்பதற்கு முன் மறுக்க ஒரு சொல் போதும். கொடுத்த பிறகு மறுத்தால் அது பறிப்பது. வாழ்த்துச் செய்தியை எடுத்ததற்கே ஆறு பேர் கூப்பிட்டுத் திட்டினார்கள். ராயகிரியிலிருந்து பேச்சியம்மாள் என்பவர் பேசினார். அவர் பேசியது பத்தொன்பதாவது பதிவைப் பற்றி: யார் கூப்பிட்டு மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்று வாரம் ஒருமுறை பெட்டி சொல்லும். அவர் வீட்டில் மூன்று பங்காளிகளுக்கு ஒரே கிணறு.

“மணி சொல்லுதத மட்டும் எடுத்துறாதிய. அது வந்த பொறவுதான் எங் கொழுந்தன்மாரு என்கூடப் பேசுதாங்க. அதுக்கு முன்ன, நீ கூட இறைச்ச, நான் கொறச்சு இறைச்சன்னு ஒரே சண்டை.”

அதன்மேலும் உன் ‘பா’ இருக்கிறது. அதையும் நீ மறுத்திருக்கிறாய். நீ மறுத்ததில் ஒன்று தவறு. இதையும் புகார்ப் பட்டியலில் சேர்த்துக்கொள். எண் கொடுக்க எனக்குப் பொறுமை இல்லை.

ஆவணிக் கடைசியில், தண்ணீர் குறைந்துகொண்டிருந்தபோது, ஐந்தருவிக்குத் தனியாகப் போனேன். அருவிக்குள் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, “கூப்பிட்டா ஓடும்” என்று சொன்னேன். பக்கத்தில் நின்றிருந்த முன்பின் தெரியாத ஒருவர் தலையை வெளியே நீட்டி, “எது ஓடும்?” என்றார். “மோட்டார்” என்றேன். “நல்லது” என்று மறுபடியும் தண்ணீருக்குள் போய்விட்டார். இரண்டு சொல். கேட்டிருந்தது.

இனி நாற்பத்திரண்டு.

‘தை 20. கேட்டவர்: அவன். கேட்டது: டாக்டரிடம் போய் நெஞ்சுக்கு டெஸ்ட் எடுக்கணுமாம். பா.’

‘அவன்’ நான். அன்று நீ அதே மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். மழைக்கால ஈரம் இன்னும் சுவரில் இருந்தது. உன் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. “என்னலே இது? நாளைக்கே திருநெல்வேலிக்குப் போயி டெஸ்ட் எடு” என்றேன். நீ சிரித்துக்கொண்டு நோட்டை எடுத்து, படியில் வைத்தே எழுதினாய். “எழுதிட்டேன். பாப்போம்லே” என்றாய். எழுதிக்கொண்டாய் என்பதால் நான் மேலே போய் வேலையைப் பார்த்தேன்.

என்னிடம் நீ அந்தச் சொல்லைச் சொன்னது அந்த ஒரு முறைதான்.

நீ போன பிறகு அந்தக் கடைசிப் பதிவைப் பலமுறை படித்தேன். போக நினைத்திருந்தான், குறித்து வைத்திருந்தான், நாள் கிடைக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில்தான் இரண்டு ஆண்டுகள் உறங்கினேன். இந்த ஒரு ‘பா’வுக்கு ‘செய்வேன்’ என்று பொருள் இருக்க வேண்டுமானால், மற்ற நாற்பத்தொன்றுக்கும் அதே பொருள் இருந்தாக வேண்டும். ஆகவே நாற்பத்தொன்றையும் செய்து முடித்தேன். ஒன்று கூட மீதி வைக்கவில்லை. உன்மீதுள்ள விசுவாசம் என்று அதை எல்லாரிடமும் சொன்னேன். அண்ணாச்சியின் விரல்கள் அதற்குப் போயின.

நோட்டின் நாற்பத்து மூன்றாவது பதிவு என் கையெழுத்தில் இருக்கிறது. சென்ற வாரம் சிவகிரிப் பக்கம் ஒருவர், பெட்டி தன் வீட்டு விளக்கையும் போட்டு அணைக்க வேண்டும் என்றார். நான் எழுதிக்கொண்டேன். எழுதிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து, “செய்ய மாட்டோம்” என்றேன். அவர் முகம் சுருங்கியது. நீ பார்க்க விரும்பாதது அந்தச் சுருக்கம்தான் என்று தெரிந்துகொண்டேன். ஓரத்தில் ‘இல்லை’ என்று மூன்று எழுத்தையும் முழுதாக எழுதினேன். இனி அந்த நோட்டு என்னிடம் இருக்கும். அதில் ஒற்றை எழுத்து இருக்காது.

ஆகவே, இதனால் தெரிவிப்பது:

பிசானப் பருவ நெல் நடவுக்கு முன், ஐப்பசி முதல் தேதி, எல்லாப் பெட்டிகளுக்கும் புதிய மென்பொருள் போகிறது. நாற்பது வசதிகள் அதில் இருக்காது. அவற்றில் எதையேனும் நீ உண்மையிலேயே செய்ய எண்ணியிருந்தால், புரட்டாசி 30, மாலை ஐந்து மணிக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டால் மறுப்பு என்று எடுத்துக்கொள்வேன். பத்தொன்பதாவதை நான் வைத்துக்கொள்கிறேன். அதில் உனக்கு ஆட்சேபம் இருந்தால் அதையும் அதே கெடுவுக்குள் எழுத்தில் தெரிவி.

நாற்பத்திரண்டாவது பதிவுக்கு மட்டும் உன் மௌனத்தை நான் பதிலாக ஏற்க மாட்டேன். அன்று படியில் நின்றபோது, நீ போவதாக இருந்தாயா, இல்லையா? ஒரு சொல் போதும். ஆம் என்றாலும் சரி, வேண்டாம்லே என்றாலும் சரி.

பாப்போம் என்று மட்டும் எழுதாதே.